அவரவர் இடம்

அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். போர்ட்டிக்சன் பக்கம், சி ரூசா கடற்கரையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. ஆபீசில் பெரிய கிராணிக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அதில் உட்கார்ந்த நாளிலிருந்து என் கால் தரையில் படவில்லை என்று அக்கா கேலி செய்வாள். அவள் சொல்லலாம். அப்பா அம்மா போன பிறகு பால்மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வெட்டு வேலை செய்து என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே அவள்தான். நான் கிராணி ஆன பிறகும் அவள் வெட்டுக்குப் போவதை விடவில்லை. எனக்கு ஸ்டாஃப் வீடு, அவளுக்குத் தோட்டத்தின் பழைய பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயம். என்னோடு வந்து இரு என்று நான் அவளை அழுத்திக் கூப்பிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய பிரிவுக்கு மேலே ரப்பர் முடிந்ததும் காடு தொடங்கிவிடும். காட்டுக்குள் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து ஆயுதத்தோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஊரடங்கு, முள்வேலி, வாசலில் சோதனை எல்லாம் வந்திருந்தன. காட்டு ஆட்களுக்குப் போய்விடும் என்று, வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போக முடியாது. இந்த நிலையில் ஒருநாள் தோட்ட மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, கடலில் ஒரு போர்க்கப்பல் வரப்போகிறது, அங்கிருந்தே மலைக்காட்டைச் சுடப்போகிறார்கள் என்றார். கப்பல்காரர்களின் வரைபடம் பழையது. எங்கள் தோட்டத்து வரைபடத்தை வரைந்தவன் நான். ஆகவே நானே கப்பலில் போய் லயம் எது, ஸ்டோர் எது, காட்டோரம் எது என்று காட்ட வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் எவன் போர்க்கப்பலில் ஏறியிருக்கிறான்!

துரை இன்னொரு வேலையும் கொடுத்தார். சுடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கப்பல் சங்கு ஊதும். ஊதியதும் தொழிலாளர்கள் லயத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அன்றைய பால் போனால் போகட்டும். இதைத் தமிழில் எழுதிக் கொடு, ஆனால் சுடுகிற விஷயத்தை மட்டும் எழுதாதே, செய்தி காட்டுக்குப் போய்விடும் என்றார். எத்தனை முறை ஊதச் சொல்லலாம் என்று கேட்டார். "மூன்று" என்றேன். அந்த எண் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

நல்ல தமிழில் எழுதினேன். 'இன்று காலை கப்பலின் சங்கு மும்முறை ஒலிக்கும். ஒலித்த உடனே தொழிலாளர் அனைவரும் தாமதமின்றி அவரவர் இடத்துக்குச் சென்றுவிட வேண்டும்.' பழைய பிரிவில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுத்து, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது இதைப் படித்துவிடுங்கள் என்றேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்து, "எழுத்து அச்சு மாதிரி இருக்கு ஐயா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் சி ரூசாவிலிருந்து படகில் கூட்டிப் போனார்கள். சாம்பல் நிறத்தில் நீளமாக நின்றது கப்பல். ஃபிரிகேட் என்று அந்த ரகத்துக்குப் பெயர். அங்கே ஒரு தமிழ்க்குரலைக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் பட்டறையில் வேலை செய்யும் பிட்டர் ஒருவர், முன்பீரங்கி சுழலும் தட்டைப் பழுது பார்த்துவிட்டு, அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கூடவே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் எண்ணெய்த் துணி. நான் வரைபடத்தைக் காட்டி முடித்ததும் அதிகாரி என்னைக் கீழ்த்தளத்தில் காத்திருக்கச் சொன்னார். பிட்டர் அண்ணன் எனக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டினார்.

"இது நீர்மூழ்கியைத் தேடி அடிக்கக் கட்டின கப்பலு தம்பி. பின்னால பாரு, தண்ணிக்குள்ள போடுற குண்டுக்கு இடம். இங்க தண்ணிக்குள்ள யாரு இருக்கா? அதான் காட்டைச் சுடுது" என்று சிரித்தார். கடல் லேசாக ஆடியது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் பீரங்கிக் குழல் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து, குறி மாறாமல் நின்றது. நான் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பலின் சுவரைத் தட்டிக் காட்டினார். சண்டைக் காலத்தில் அவசரமாகக் கட்டிய ரகமாம். கடலையே பார்க்காத ஊர்களின் பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து, கப்பல்துறைக்குக் கொண்டுவந்து பற்றவைத்துச் சேர்த்தார்களாம்.

"ஒருத்தன் செஞ்ச துண்டை இன்னொருத்தன் பாத்ததே இல்ல. எப்படிப் பொருந்துச்சு? எல்லாரும் ஒரே காயிதத்தைப் பாத்துச் செஞ்சாங்க. அதுல ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்துச்சுன்னா இது மெதக்காதுலா."

அப்போது சங்கு ஊதியது. தலைக்கு மேலேயே ஊதியதால் காது அடைத்துப்போனது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் கொடுத்த தூரக்கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பழைய பிரிவு ஸ்டோரின் தகரக் கூரை, அதன் முன்னால் செம்மண் பாதை, பாதையோரம் உட்கார்ந்திருந்த ஆட்களின் வெள்ளைத் தலைத்துணிகள் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. மரம் வெட்டிவிட்டு, பால் வடியும் வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். சங்கு ஓய்ந்ததும் புள்ளிகள் எழுந்தன. பத்து நிமிடத்தில் பாதை ஏறக்குறையக் காலியானது.

"பாத்தீங்களா அண்ணே, என் காகிதமும் உங்க கப்பல் காகிதம் மாதிரிதான். ஒருத்தர் பாக்கியில்லாம போறாங்க" என்று சொல்லி, எழுதியதை வரி பிசகாமல் ஒப்பித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துணியை உதறிவிட்டுக் கேட்டார். "அவரவர் இடம்னா? எங்கம்மா கோலப்பிலா பக்கம் பால் வெட்டினவங்க. அவங்க 'என் இடம்'னு சொன்னா அது அவங்க நிரைதான், அவங்க வெட்டுற மரவரிசை. லயத்தை வீடுன்னுதான் சொல்லுவாங்க. எந்தப் பக்கமாப் போறாங்க, நல்லாப் பாரு."

பார்த்தேன். லயம் கடல் பக்கம், கீழே. வெள்ளைப் புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. காட்டோரத்து மரங்களுக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய பிரிவில் பால் எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் மண்டோர் ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று முறை அடிப்பார். மூன்று அடி கேட்டால் ஆள் எழுந்து தன் நிரைக்கு ஓடி, மங்குகளில் வடிந்திருக்கும் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். அந்த மூன்று அடியைக் கேட்டுத்தான் சின்ன வயதில் நான் அக்காவின் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மூன்று என்ற எண் அங்கிருந்துதான் என் வாயில் வந்திருக்கிறது. எண் நினைவில் இருந்தது, அர்த்தத்தை நாற்காலி மறக்கடித்துவிட்டது. பத்திரமாகப் பாதையில் உட்கார்ந்திருந்தவர்களை நானே குண்டு விழப்போகிற பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அக்காவின் நிரை காட்டை ஒட்டிய கடைசி நிரை.

அதிகாரி மேல்தளத்தில் நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் எட்டுப் படி ஏணி. ஓடியிருக்க வேண்டாமா? நான் ஓடவில்லை. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது என்று சொன்னால் வேலை போகும், துரை முகத்தில் எப்படி விழிப்பது, ஒருவேளை பிட்டர் அண்ணன் சொல்வது தவறாக இருக்கலாம், ஒருவேளை அவர்கள் திரும்பி வரலாம். இப்படி எத்தனை ஒருவேளைகள்! இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ நின்றிருப்பேன்.

"சொல்லு தம்பி! எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது, நீதான் சொல்லணும்!" என்று பிட்டர் அண்ணன் என் முதுகில் அறைந்தார். நான் முதல் படியில் கால் வைத்தபோது முன்பீரங்கி வெடித்தது.

குறி பார்ப்பதற்கான முதல் குண்டு அது. கப்பல் முழுவதும் அதிர்ந்தது. எப்படி மேலே போனேன் என்று தெரியாது. "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தினேன். படித்த இங்கிலீஷில் வேறு ஒன்றும் வரவில்லை. அதிகாரி என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பீரங்கித் தட்டோடு பேசும் குழாயில் ஏதோ சொன்னார். எங்கோ மணி அடித்தது. பீரங்கிகள் தாழ்ந்தன. திட்டுவார் என்று நின்றேன். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். தினமும் பேர் பதிகிறவன் நான், எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாயில் வந்தது, "மை சிஸ்டர்."

கரைக்கு வந்து, ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு பழைய பிரிவுக்குப் போகும் வரை கும்பிடாத சாமி இல்லை. ஸ்டோர் வாசலில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். ஓர் உயிரும் போகவில்லை. குண்டு குறிக்கு முன்னாலேயே, அக்காவின் நிரைத் தலைப்பில் விழுந்து நாலு மரத்தைச் சாய்த்திருந்தது. ஐந்தாறு மரம் தள்ளி அவள் மங்கிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். வாளியில் ஒரு சிதறல் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

துரை மண்டோரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். மண்டோர் என் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "இதுல உள்ளபடிதான் படிச்சேன், தொரை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை நான் நிற்கவில்லை. நடுவில் போய், அவர்மேல் தப்பில்லை, எழுத்து என்னுடையது என்றேன். துரை என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை. நான் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓட்டை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மண்ணும் பாலும். வலது பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன் குரல் தனக்கே கேட்காதவள்போல் உரக்கச் சொன்னாள்.

"தம்பி எழுதின காயிதம்னு மண்டோரு சொன்னாருய்யா. அதான் சங்கு கேட்டதும் எல்லாருக்கும் முன்னால நான் ஓடினேன்."

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். கிராணி அழுகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வேலை போகவில்லை. அதற்குப் பிறகு ஆபீசிலிருந்து எந்த அறிவிப்பு எழுதினாலும், முதலில் அக்காவிடம் வாசித்துக்காட்டி, "இதைக் கேட்டா என்ன செய்வே?" என்று கேட்காமல் ஒட்டியதில்லை. என்னைக் கேலி செய்துகொண்டே திருத்துவாள். அந்த வருடமே அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், இந்த முறை அழுத்தியே கூப்பிட்டேன்.

இப்போது நாங்கள் ரஹாங்கில் இருக்கிறோம். எனக்கே தலை நரைத்துவிட்டது. அந்த வலது காது அவளுக்குத் திரும்பக் கேட்கவே இல்லை. அதனால் வீட்டில் எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தாலும் நான் அக்காவின் இடது பக்கத்தில்தான் போய் உட்காருகிறேன், ஏனென்றால் இத்தனை வருடத்தில் என் இடம் என்று நான் தெரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.