வெட்டு மெசினும் என் பூட்டும்

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் எதையும் இரண்டு தரம் எண்ணுவான். நான் மூன்று தரம். இப்போது பழுகாமத்தில் விவசாயச் சங்கக் காரியாலயத்தில் இருந்து, நெல் வெட்டும் மெசின் எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எப்போது போவது என்ற முறையைப் பார்க்கிறேன்.

முறை ஒரே கோப்பில்தான். பழுகாமம், ஏறாவூர், பட்டணம் என்று மூன்று காரியாலயக் கணினிகளுக்கும் அது பொது. ஒருவர் எழுதத் திறந்தால் மற்ற இருவருக்கும் பூட்டு; பார்க்கலாம், தொடமுடியாது. அந்தப் பூட்டும் குத்தகைதான். திறந்தவரின் கணினி இடைக்கிடை "இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும். சத்தமில்லாவிட்டால் பூட்டு அடுத்தவருக்கு.

நான் கோப்பை மூடுவதே இல்லை. மூடினால் யாராவது எதையாவது மாற்றிவிட்டால்? நான் வீட்டில் மீன் சொதியோடு இருந்தாலும் காரியாலயத்தில் மடிக்கணினி எனக்காக ஆஜர் சொல்லிக்கொண்டிருக்கும்.

அன்று வாவிக்கு மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய நெல் வயலில் நிற்க, தன் முறைக்கு வரவேண்டிய மெசின் பழுதாகிவிட்டதென்று ஒரு பெண் காலையிலேயே வந்து காரியாலய வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஏறாவூர் மெசின் ஓய்வாக இருந்தது. ஆனால் முறை எழுதாமல் சங்கத்து மெசின் நகராது.

"எல்லா மெசின்ட மணித்தியாலத்தையும் ஒருக்கா கூட்டிப் பார்த்துட்டு எழுதுறன் புள்ள," என்றேன். கூட்டி முடியமுன் மத்தியானமாகிவிட்டது. சாப்பிடப் போனேன்.

அவள் ஏறாவூர்க் காரியாலயத்துக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறாள். அங்குள்ள கிளாக்கர் என்னைப் போனில் பிடித்தார்.

"மாஸ்டர், கோப்ப விடுங்க. நான் எழுதுறன்."

"சாப்பிட்டுட்டு வாறன் தம்பி."

"பஸ் சீட்டில இடம் பிடிக்க லேஞ்சித் துண்டப் போட்டுட்டு கடையில இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆள் நீங்க."

"எடுத்தா சீட் போயிருமே," என்றேன்.

அந்த நேரம் கரண்ட் போனது. காரியாலயத்தில் இணையப் பெட்டி அணைந்துவிட, மடிக்கணினி பற்றரியில் யாருக்கும் கேட்காமல் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கரண்ட் வந்தபின் போனேன். வாங்கு வெறுமை. கூட்டலைச் சரிபார்த்துச் சேமித்தேன். உங்கள் பூட்டு முடிந்துவிட்டது, இதை ஏற்கமுடியாது என்றது கணினி. உடனே ஏறாவூருக்கு அடித்தேன்.

"என்ர கோப்பில ஆரு கை வெச்ச?"

"காத்துக்கு லேஞ்சி பறந்துட்டு மாஸ்டர். நான் இருந்துட்டன். மெசின் அங்கதான் வருகுது."

என் திரையில் இருந்த முறையில் அவளுடைய வயல் இன்னும் ஏறவில்லை. அந்தப் பழைய முறை பதிந்து, அவர் எழுதியதை அழித்திருந்தால் பாதி வழியில் மெசினைத் திருப்பியிருப்பார்கள். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் வட்டைக்குப் போனேன். கடைசி மூலையை மெசின் வெட்டிக்கொண்டிருக்க, முதல் தூறல் விழுந்தது. மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாக எண்ணத் தொடங்கியது.

"எண்ணுங்க மாஸ்டர்," என்றாள் அவள். "எண்ணி முடியுமட்டும் லொறிய மறிச்சி வெக்காதீங்க."