சுசீலாவுக்குச் சேர்ந்த கைப்பிடி

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சுசீலா பூட்டாம்மே" என்றவர், அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று அழுதார். பெற்ற தகப்பன் போனபோது கண்ணைக்கூடக் கசக்காதவர், தம்பி பெண்டாட்டிக்காக அழுதார். எனக்குத் துக்கம் வருவதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது. நம் மாதர் சங்க மலரில் அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். அவளையும் அறிவீர்கள், என்னையும் அறிவீர்கள். ஆகவே பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு கள்ளிக்குப்பத்து வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தாள். பூந்தமல்லிப் பெண். புதுப்பெண்ணுக்காக ஓர் அறையின் கதவு ஜன்னலுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவள் முகம் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துப்போய் வெளியே வந்தாள். பெயிண்ட், வார்னிஷ், பினாயில், புது பிளாஸ்டிக் எதுவும் அவள் உடம்புக்குச் சேராதாம். நான் வாழ வந்தபோது என் அறைக்கு யாரும் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. அதனால் அதில் வாடை இல்லை. "நீ அந்த ரூமுக்குப் போ, அது இங்க படுத்துக்கட்டும்" என்றார் மாமியார். பச்சைக் கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பல நாள் பொருமினேன்.

அடுத்தது கத்தி. அரிவாள்மனை மாமியாருக்கு மட்டுமே சொந்தம். அதில் மருமகள் உட்கார்ந்தால் சமையலறையே கைமாறிவிடும் என்பது அவர் பயம். நாங்கள் கத்தியால்தான் நறுக்க வேண்டும். சுசீலாவுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அவள் உள்ளங்கை சிவந்து, வெடித்து, உப்பைத் தொட்டால் துடித்தாள்.

என் வீட்டுக்காரர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். கைநேர்த்தியான தொழிலாளி. தம்பி பெண்டாட்டிக்காகக் கைப்பிடி செய்யத் தொடங்கினார். முதலில் பேக்கலைட், மின்சார ஸ்விட்சுக்குப் போடுகிற அந்தக் கெட்டியான கறுப்புச் சரக்கு. சூடான சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் வாடையில் அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு ஈட்டி மரம், தேக்கு; அவற்றுக்கும் கை வெடித்தது. பித்தளைகூடச் செய்தார், வியர்வை பட்டுப் பச்சை பூத்ததும் அதுவும் அரித்தது. ஒவ்வொரு மரப் பிடியையும் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டுத்தான் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கும். அந்த மனிதர் எனக்கென்று ஒரு மத்துகூடக் கடைந்து கொடுத்ததில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசியில் மாமியாருக்கே அலுத்துவிட்டது. "காய் அரியக்கூட லாயக்கில்லாதத வச்சிகினு நான் இன்னா பண்றது? கை ஆற வரிக்கும் அம்மா ஊட்டுல கெடக்கட்டும்" என்றார். அப்படிப் போன மருமகள்கள் திரும்பி வராத கதை நம் தெருவிலேயே உண்டு. கொழுந்தனார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் தங்கை பிரசவத்துக்காக ஆவடி போனேன். திரும்பி வந்தபோது சுசீலா அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது என் கத்தி. திருமுல்லைவாயில் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய மட்டமான சாமான். வார்னிஷ் எப்போதோ போய், சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெறும் கட்டையாகிவிட்ட பிடி. அவள் உள்ளங்கை ஆறியிருந்தது.

கத்தியைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கைய காட்டுக்கா. இன்னாக்கா இப்டி காச்சி போயி கீது? யாருமே பாக்கலியா?" என்று கேட்டவள், அங்கேயே அழுதாள். பிறகு, "மினுக்குறது எதுவும் எனக்கு ஆவாதுக்கா. ஒன் கை பட்டுப் பட்டு இதுல பூசுனதெல்லாம் பூட்ச்சி. இத எனக்குக் குடுத்துர்றியா?" என்றாள்.

கொடுக்கவில்லை என்றால் அவள் பூந்தமல்லிக்குப் போவாள், என் அறை எனக்கு வரும். கடையில் தொங்கும் எந்தப் புதுக் கத்திக்கும் வார்னிஷ் உண்டு. பாலிஷ் இல்லாமல் ஒரு பிடி செய்து கொடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "மொட்டையா உட்டா, செஞ்சவன் கையப் பத்தி நாலு பேரு இன்னா பேசுவான்?" என்றார். அன்று மாலை கத்தியை அவளிடம் கொடுத்தேன். சும்மா இல்லை, அவர் அவளுக்குச் செய்த கைப்பிடிகள் அத்தனையையும் பதிலுக்கு வாங்கிக்கொண்டேன்.

அவை அவள் கைக்கு அளவெடுத்தவை. என் கைக்குள் காணாமல் போயின. அதையும் அவள்தான் கவனித்தாள். "மாமா, அக்கா கை பெரிசு. அளவு எடுத்து ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று அவரை விடாமல் அரித்தாள். தேக்கில் பளபளவென்று ஒன்று வந்தது. அவள் சொல்லித்தான் வந்தது என்பதில் எனக்கு இன்றும் ஆத்திரம். ஆனால் அதன் பாலிஷ் வாடைக்கு அவள் பக்கத்திலேயே வர மாட்டாள். அந்த வீட்டில் அவளால் பங்கு கேட்க முடியாத ஒரே பொருள் அது.

அதற்குப் பிறகும் நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு. கடைக்குப் போனால் கரண்டி முதல் பாய் வரை எல்லாவற்றையும் மூக்கில் வைத்துப் பார்ப்பாள். "காசு குடுக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருக்கா. கடைக்காரன் ஏமாத்துவான், மூக்கு ஏமாத்தாது" என்பாள். எனக்கு மானம் போகும்.

அவளைத் தூக்கிய அன்று தெருவே திரண்டது. "பூவோட பொட்டோட போறா, குடுத்து வச்சவ" என்றார்கள். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். யார் யார் அழுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று யோசித்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: "கைய காட்டுக்கா" என்ற அந்தக் குரல். அந்த வீட்டில் வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்காக அழ அத்தனை பேர் இருந்தார்கள். எனக்காக அழ இருந்தது அவள் ஒருத்திதான்.