மெஷின் விற்பவர் வீட்டுத் தொட்டி

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபத்தைந்து. அவள் முழங்கைவரை சோப்பு நுரையோடு, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த துணித் தொட்டியின் முன்னால் நின்று, அதைச் சாய்த்துவிட்டுப் போன கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டேதான். வீட்டில் ஆளில்லாதபோது திட்டுவதில் ஒரு வசதி உண்டு. எதிர்ப்பேச்சு வராது.

திட்டக் காரணம் இருந்தது. அன்று காலை கடைக்குக் கிளம்பும் முன் அவர் தொட்டி ஸ்டாண்டின் இடப்பக்கக் கால்கள் இரண்டையும் தூக்கி, காலுக்கொரு மரக்கட்டையை அடியில் செருகினார். வலப்பக்கத்துக்கு நேரம் போதவில்லை.

"சாயங்காலம் வந்து மத்த ரெண்டையும் வச்சிடறேன்."

"எதுக்கு இதெல்லாம் இப்போ?"

"மெஷினுக்குக் காத்து வேணும்மா."

"தொட்டியைத் தூக்கினா மெஷினுக்கு எப்படிங்க காத்து வரும்?"

"அதெல்லாம் டெக்னிக்கல்" என்று சொல்லி, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். தொட்டித் தண்ணீர் முழுக்க வலது மூலைக்கு ஓடியது. ஊறப்போட்ட காலுறைகளும் கூடவே ஓடின.

தொலைபேசியில் பேசியவர் கடை மேனேஜர். "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். அந்தத் துணி அறையில் உட்கார ஏது இடம்? ஒரு பக்கம் வாஷிங் மெஷின், ஒரு பக்கம் தொட்டி, நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு டெமோ காட்டிக்கொண்டிருந்தாராம். ஓடுகிற மெஷின்மேல் விளிம்புவரை நிறைந்த தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்று சொல்லி, பக்கத்து அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாராம். அந்தப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் கண்ணை மூடியதையும் டெமோவில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

"தண்ணி ஒரு சொட்டுகூட சிந்தலக்கா" என்றார் மேனேஜர் அழுதுகொண்டே. அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் போனவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தெருவில் அவருக்கு டெமோ என்றுதான் பெயர். இருபத்திரண்டு வயதில் அந்தக் கடையில் பெட்டி தூக்கச் சேர்ந்தவர். மூன்றாவது மாடிக்கு மெஷினைச் சுமந்து ஏறும்போது, மூச்சு வாங்க நிற்கிற ஒவ்வொரு திருப்பத்திலும், கூட வந்த விளக்கப் புத்தகத்தை ஒரு பக்கம் படிப்பார். இரண்டு வருடத்தில் எல்லா மெஷினும் மனப்பாடம். விற்பனையாளர் வராத ஒரு நாள், தோளில் இருந்த பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒரு குடும்பத்திடம் அரைமணி நேரம் பேசினார். அவர்கள் வாங்க வந்தது இஸ்திரிப்பெட்டி. வாங்கிக்கொண்டு போனது வாஷிங் மெஷின். மறுநாளிலிருந்து அவர் கழுத்தில் விற்பனையாளரின் பட்டை.

அதற்கப்புறம் வீட்டிலும் டெமோதான். குடை விரிக்க டெமோ, கதவு தாழ்ப்பாளுக்கு டெமோ. பால் பொங்காமல் காய்ச்சுவது எப்படி என்று புது மனைவிக்கு அவர் காட்டிய டெமோவின் தழும்பு அந்த அடுப்பில் கடைசிவரை இருந்தது.

வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்கிற மந்திரம் ஒன்றே ஒன்று. "எங்க மெஷினை வாங்கினா, உங்க கையில தண்ணியே படாதும்மா."

அவளோ ஒரு பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளர். கறைகளின் குணம் தெரிந்தவள். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எண்ணெய்க் கறைக்குச் சுடுதண்ணீர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பொத்தானை அமுக்குவது, காய்ச்சல்காரனுக்கும் கால் முறிந்தவனுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி என்பது அவள் கட்சி. அதனால் ஒன்பது வருடத்துக்கு முன் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு சிங்க்.

"மெஷின் விக்கிறவன் வீட்ல துவைக்கிற தொட்டியா? டாக்டர் வீட்டுத் திண்ணைல மந்திரவாதியை உக்கார வச்ச மாதிரி இருக்கும்."

"உங்க மெஷின் பாட்டுப் பாடுது, மணி அடிக்குது, எல்லாம் சரி. காலர் அழுக்கைத் தேய்க்குமா?"

"ஊறவைக்கிற பொத்தான் இருக்கு."

"சேறு ஒட்டின ஷூவை?"

அதற்குப் பொத்தான் இல்லை. அவர் பேச்சை மாற்றினார்.

அவளுடைய தம்பி குழாய் வேலை பார்ப்பவன். மாமா இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, அக்காவுக்காக ஒரு எவர்சில்வர் சிங்கைக் கொண்டுவந்து பொருத்திவிட்டான். அவசரம். கையில் கிடைத்த ஸ்டாண்டை வைத்தான். உயரம் நாலு விரற்கடை குறைந்துபோனது.

"குனிஞ்சு செஞ்சா உடம்புக்கு நல்லதுக்கா" என்றான் கூசாமல்.

திரும்பி வந்தவர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"என்ன இது?"

"சிங்க்."

"தொட்டி" என்று திருத்தினார். "சொல்லிட்டேன், என் கை இதுல படாது."

"படும். இது உதவுதுன்னு ஒரு நாள் உங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன், பாருங்க."

ஒன்பது வருடமாக அவள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நகை கேட்டு நச்சரிக்கிற மனைவிகள் உண்டு. இவள் கேட்டது ஒரு வாக்கியம்.

சிங்க் தன் வேலையைப் பார்த்தது. சேற்று ஷூக்கள், மின்விசிறி இறக்கைகள், ஜன்னல் வலைகள், பெயின்ட் பிரஷ்கள், மாடிப்படித் துடைப்பான் எல்லாம் அதில்தான் குளித்தன. எதிர்வீட்டு நாய்கூட ஒருமுறை குளித்தது. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கு இரண்டு குடத் தண்ணீர் அதில் நின்றது. சமையலறைத் தொட்டியில் தட்டு, துணித் தொட்டியில் அழுக்கு என்று வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. அவர் மட்டும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கடை நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் தொட்டியை மறைக்க ஒரு திரை மாட்டினார். அந்தத் திரை அழுக்கானபோது அதையும் அவள் சிங்க்கில்தான் அலசினாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மெஷினின் அழுக்குத் தண்ணீர்க் குழாயே அந்தத் தொட்டிக்குள்தான் தொங்கியது. வேறு போக்கிடம் கிடையாது.

"உங்க மெஷின் எடுக்கிற வாந்தியை யாருங்க வாங்கிக்கிறது?"

"தொட்டிதானே? வாங்கட்டும்."

யானைக்கும் அடி சறுக்கும். போன மாதம் கடையில் அவருடைய நீண்டகாலச் சேவையைப் பாராட்டி ஒரு கூட்டம் வைத்தார்கள். அதற்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை முந்தின நாளே மெஷினில் போட்டார். கூட அவளுடைய ஆய்வக வெள்ளைக் கோட்டு, நாலு படுக்கை விரிப்பு. 'போடுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாருங்க' என்பது அவர் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த முதல் விதி. தன் பாக்கெட்டை மட்டும் பார்க்கவில்லை. பேனா உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவள் எழுந்து போனாள். தரையெல்லாம் நீலம். டெமோ பனியனோடு தொட்டிமேல் குனிந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியிலும் நீலம்.

"என்னங்க இது, கை படுதே?"

திரும்பாமலே சொன்னார். "இந்தத் தொட்டியில என்னென்ன குறை இருக்குன்னு ஆராய்ச்சி பண்றேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவள் அவரைத் தள்ளி நிறுத்தி, ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி மையை எடுத்தாள். பிறகு ஊறவைத்தாள், அலசினாள், மறுபடி ஒற்றினாள். ஒன்றரை மணி நேரம். அவர் பக்கத்தில் நின்று, கேட்கும்போதெல்லாம் பஞ்சு எடுத்துக் கொடுத்தார். சட்டை வெளுத்தது. கோட்டு முக்கால்வாசி வெளுத்தது. விரிப்புகள் வானத்து நிறத்தில் நிலைத்துவிட்டன.

வேலை முடிந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெல்ல நிமிர்ந்தவள் கேட்டாள். "இப்பவாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"உதவுதுன்னு."

"உதவினது நீ. தொட்டி சும்மாதான் நின்னுச்சு" என்றார். ஆனால் அவர் கண் அவள் இடுப்பில் ஊன்றிய கையிலேயே இருந்தது. அந்த வாரம்தான் எங்கிருந்தோ நாலு மரக்கட்டைகள் வீட்டுக்கு வந்தன. நாலையும் ஒரே அளவாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தார். கேட்டபோது அதுவும் டெக்னிக்கல்.

அப்புறம்தான் அந்தப் பதினொன்று இருபத்தைந்து.

எல்லாம் முடிந்த மறுநாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாதிப்பேர் முகம் தெரியாதவர்கள், அவரிடம் மெஷின் வாங்கியவர்கள். முதலில் வந்த பெரியவர் அவள் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "உங்க இடுப்பு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். வருத்தத்தில் வார்த்தை மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்து வந்த அம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பு வலி தேவலையா?" என்றாள். மூன்றாவதாக வந்த பெண்ணும் அதையே கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என் இடுப்பைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?"

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பென்சிலில் ஒரு படம். ஆழமான ஒரு சிங்க், நாலு கால், பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'தரையிலிருந்து 36 அங்குலம், குறையவே கூடாது' என்று அவர் கையெழுத்தில்.

"மெஷினை எழுதி முடிச்சதும் குரலை இறக்கிச் சொன்னாருங்க. 'மெஷின் மட்டும் பத்தாதும்மா, பக்கத்துல ஒரு சிங்க் வச்சிக்கங்க, அவ்வளவு உதவும். உயரம் மட்டும் பாத்துக்கங்க. எங்க வீட்ல அவசரத்துல கம்மியா வச்சிட்டோம். எங்க வீட்டம்மா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு'ன்னாரு."

"சிங்க்னா சொன்னாரு? தொட்டின்னு சொல்லல?"

"சிங்க்னுதாங்க சொன்னாரு."

அவள் தம்பியைத் தேடினாள். அவன் ரசீதைக் கண்டதுமே நழுவப் பார்த்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா. ஏழு வருஷமா மாமாதான் எனக்கு ஆள் அனுப்பறாரு. நூறு சிங்க்குக்கு மேல போட்டிருப்பேன். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏனாம்?"

"தெரிஞ்சா நீ தலைமேல ஏறி உக்காந்துக்குவியாம்."

"ஊரெல்லாம் சொல்லியிருக்காரு. என்கிட்ட மட்டும் சொல்ல வாய் வரல, பாரு!"

எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்த் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தோள் குலுங்க அழுகிற சத்தம் போல ஏதோ கேட்டது. தம்பி பயந்துபோய்க் கதவைத் திறந்தான். அவள் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அது மெல்ல மெல்லச் சிரிப்பாக இல்லாமல் போயிற்று. அவன் குழாயைத் திறந்துவிட்டான், வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க. தண்ணீர் வலது மூலைக்கு ஓடியது.

சற்றுப் பொறுத்து அவன் மெஷின் பக்கம் கையை நீட்டினான். "ரெண்டு நிமிஷ வேலைக்கா, மத்த ரெண்டு கட்டையையும் வச்சிடறேன்."

"கையை வைக்காதே. நீ வச்சா மறுபடியும் நாலு விரல் குறையும்."

அந்தக் கட்டைகள் இரண்டும் மெஷின் மூடிமேல்தான் இருக்கின்றன. ஒன்றின்மேல் பென்சிலால் 'வலது, முன்' என்று எழுதியிருக்கிறார். மற்றதன்மேல் 'வலது' மட்டும்தான் இருக்கிறது.