அன்னமுன்னா யாருடைய பழம்

இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன அந்த வாரத்தில், டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்து எங்கள் வீட்டில் ஒரு பழத்துக்காகச் சண்டை நடந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சண்டையைத் தொடக்கியவளே நான்தான்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் புட்டு வைத்தால் வைத்தபடியே திரும்பி வரும். அந்த மாதம் அவளுடைய ஆசிரியை, வீட்டில் சாப்பிடும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பிள்ளைகள் கவிதை எழுதிப் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும் என்றார். அதில் ஒரு சொல்லாவது வீட்டு மொழியில் இருக்க வேண்டுமாம். மகளும் அவளுடைய தோழியும் சேர்ந்திருந்து ஆளுக்கொரு கவிதை எழுதுவதாக முடிவாயிற்று. தோழியின் பெற்றோர் குவாத்தமாலாக்காரர். அங்கே நடந்த போருக்குத் தப்பி வந்தவர்கள்.

மகள் அன்னமுன்னாவைத் தேர்ந்தெடுத்தாள். சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவு அது. ஓகூஸ் நகரத்துத் தமிழ்க் கடைக்கு எப்போதாவது ஒரு பெட்டி வரும். அவள் விதையை எண்ணி எண்ணித் துப்பிச் சாப்பிடுவாள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. வெங்காயம் அரிந்தபடியே, அன்னத்துக்கு முன்னம் உண்பதால் அன்னமுன்னா, சுத்தத் தமிழ் என்று அடித்துவிட்டேன். அவளும் அதை நம்பி எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாளில் குழம்பிப்போய் வந்தாள். தோழி வீட்டிலும் அதே பழத்தைப் பற்றிக் கதைப்பார்களாம். பெயர் அனோனாவாம். அது தங்கள் பக்கத்து மரம் என்று தோழியின் தாய் சொன்னாராம். அப்படியென்றால் எங்களுடைய பெயர் அங்கிருந்து வந்ததா என்று கேட்டாள்.

அந்த நாட்களில் நாங்கள் மனிதராகவே இருக்கவில்லை. சொந்தக்காரர் எந்த முகாமில், யார் மிச்சம் என்று தெரியாமல் தொலைபேசியைச் சுற்றியே கிடந்தோம். சின்னப் பிள்ளையின் கேள்வி எனக்குச் சுட்டது.

“எல்லாம் போச்சுது. இனிப் பழத்தையும் தூக்கிக் குடுக்கவோ?” என்று கத்தினேன். எங்கள் பழம் என்று எழுதாவிட்டால் அந்தக் கவிதையை வாசிக்கவே வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்படியானால் வாசிக்கவில்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்ல வெளிக்கிட்ட பிள்ளையின் வாயை நானே பொத்திவிட்டேன்.

என் கணவர் குரல் உயர்த்தாத மனிதர். போர்த்துக்கீசர் காலத்தில் அந்தப் பழம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்திருக்கும் என்றார். நான் முறைத்தேன்.

“இஞ்சை பாரும், மிளகாயும் அங்கையிருந்து வந்ததுதான். அதையும் விட்டிட்டோ இனிக் கறி வைக்கப் போறீர்?”

மிளகாய் என்றதும் அடங்கிவிட்டேன். மகளிடம் போய், நான் சொன்ன அர்த்தம் வெறும் புளுகு, உனக்குச் சரியென்று படுவதை எழுது என்றேன். வாசிப்பாளா என்று தெரியாமலேயே வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனோம்.

பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க இருந்தோம். தோழியின் தாய் எனக்குப் பக்கத்தில். முதலில் தோழி வாசித்தாள். சோளமாவை வாழையிலையில் பொதிந்து அவிக்கும் தமாலைப் பற்றிய பாட்டு. பொதியை அவிழ்த்தால் மூக்குக்குள் திருவிழா என்று ஒரு வரி. தாய் பெருமை தாங்காமல் என் கையைப் பிடித்து அமத்தினார். அடுத்தது என் மகள். அவள் எழும்பவில்லை. தோழி முழங்கையால் ஒரு இடி இடித்த பிறகுதான் எழும்பினாள். டேனிஷில் வாசித்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

அனோனா கப்பலில் வந்தது,
அம்மா விமானத்தில் வந்தாள்.
இரண்டு பேரின் பெயரையும்
வந்த ஊரில் மாற்றிவிட்டார்கள்.
இரண்டு பேரும் இன்னும் இனிப்பு.
சில நாள் அம்மா மட்டும் மிளகாய்.
எங்கள் வீட்டில் அந்தப் பழத்துக்குப் பெயர்
அன்னமுன்னா.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என் பெயரை அவரவர் வாய்க்கு ஏற்றபடி சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். அதை இவள் எப்போது கவனித்தாள்? பழம் எங்களுடையது என்று நான் நின்ற பிடி எங்கே, இவள் எழுதியது எங்கே. என் வயிற்றில் பிறந்ததற்கு என்னைவிடப் புத்தி அதிகம் என்று அந்தச் சின்னக் கதிரையில் இருந்து பெருமைப்பட்டேன்.

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஆசிரியை மிக அழகு என்று சொல்லி, கடைசிச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தார். அனமுனா என்றார். மகள் திரும்பிக் கதிரையில் இருக்கவில்லை.

“இல்லை. அன்ன. முன். னா.”

ஆசிரியை மறுபடி சொன்னார். மகள் மறுபடியும் இல்லையென்று தலையாட்டினாள். மூன்றாம் முறை அவர் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. அந்தப் பிடிவாதம் என்னுடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் ஓய்ந்த பிறகும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.