கிரே என்று எழுதினேன்

பனியன் கம்பெனியில் கிரே என்றால் நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கி, இன்னும் சலவைப் பட்டறையைப் பார்க்காத துணி. அழுக்கு மஞ்சளாக, எண்ணெய் வாடையோடு இருக்கும். கம்ப்யூட்டரில் கிரே என்றால் படத்தில் வரும் சாம்பல் நிறம். இந்த இரண்டு கிரேக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தெற்கேயிருந்து பிழைக்க வந்த நாள்முதல் தைத்த பனியனில் பழுது பார்த்துப் பிசிறு நூல் வெட்டும் செக்கிங் டேபிளில் ஆறு வருடம் நின்றவள் நான். அங்கே உட்கார இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் ஃபோட்டோஷாப் படித்து, மாடியில் டிசைன் ரூம் நாற்காலியைப் பிடித்தேன். கொடுக்கும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார். "மூணு மாசம் பாக்கறேனுங்க. சரிப்படலைன்னா மறுபடியும் செக்கிங்குதானுங்க."

மூன்றாவது மாதம் அந்தக் கிளி வந்தது. குழந்தைகள் பனியனுக்கான, பழம் கொத்தும் கிளிப் படம். ஆறு நிறம், நிறத்துக்கு ஒரு சேனல் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த ஃபைல். ஆறும் வேண்டாம், படத்தை கிரேயாக மாற்றி, வெள்ளைத் துணியில் கருப்பு மை மட்டும் வைத்து அடித்து சாம்பிள் அனுப்புங்கள் என்று ஆர்டர் கொடுத்த பையர் மெயில் போட்டிருந்தார்.

ஒரு பட்டனை அமுக்கினால் மாறிவிடும் என்று மேனேஜர் நினைத்தார். அமுக்கினேன். முதல் சேனலில் இருந்த மூக்கு மட்டும் வந்தது, கிளியைக் காணோம். ஆறையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். பச்சை இறகும் சிவப்புப் பழமும் ஒரே சாம்பலாகி, எது கிளி எது பழம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு சேனலாகக் கூட்டிக் குறைத்து ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டினேன். கடைசியில் கிளி இறகு இறகாகத் தெளிந்து வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்வதற்கு ஃபிலிம் எடுத்து, வேலைச் சீட்டில் 'கிளி, கிரே' என்று எழுதிக் கீழே அனுப்பினேன்.

மறுநாள் சாம்பிள் வந்தது. வெளுக்காத துணியில் என் கிளி, சேற்றில் புரண்டு எழுந்தது போல இருந்தது. பிரிண்டிங் மாஸ்டரிடம் ஓடினேன்.

"கிரேன்னு நீங்கதானுங்க எழுதியிருந்தீங்க. இங்க கிரே துணி இல்லீங்க. நிட்டிங்ல கேட்டு வாங்கியாந்து அடிச்சனுங்க."

இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிறவரை எப்படித் திட்டுவது? "அண்ணே, அது துணி இல்ல, படத்தோட நெறம்" என்று மட்டும் சொன்னேன்.

விஷயம் மேனேஜரிடம் போனது. சேனல் என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க? புரியற மாதிரி எழுதோணும். இனிமே பிளாக் அண்ட் ஒயிட்னு எழுதுங்க. நாளைக்குச் சாயங்காலம் கொரியர் போகோணும். இதும் தப்புனா நான் ஒன்னும் சொல்றதுக்கில்லீங்க."

நடுவில் இத்தனை சாம்பல் இருக்கிறதே, அது பிளாக் அண்ட் ஒயிட் இல்லை என்று வாய்வரை வந்தது. நாற்காலியை நினைத்து விழுங்கிக்கொண்டு, அவர் சொன்னபடியே எழுதினேன்.

அடுத்த நாள் காலையில் மாஸ்டர் போன் செய்தார். "ஏனுங்க, கருப்புக்கு ஸ்கிரீன் இருக்குதுங்க. வெள்ளைக்கு ஃபிலிம் இன்னும் வரலீங்களே?"

வெள்ளைத் துணியில் வெள்ளை மை அடிக்க ஃபிலிம் கேட்கிறார். போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். இனி எந்த வார்த்தையை எழுதினாலும் கீழே போவதற்குள் அது வேறொன்றாகிவிடும் என்று தோன்றியது. எழுதவே வேண்டாம் என்று மாடியை விட்டு இறங்கினேன். துணி வெள்ளைதானா என்று தொட்டுப் பார்த்தேன். வெள்ளை மை டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தேன். பிரிண்டிங் டேபிள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

செக்கிங்கில் என்னோடு வேலை பார்த்த ஊர்க்காரி ஒருத்தி, பக்கத்து ஹாலிலிருந்து கையில் கத்தரியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, திரும்பக் கீழயே அனுப்பிட்டாவளா?"

"இல்லட்டி, மேலதான் இருக்கேன்" என்றேன். அவள் நம்பவில்லை. சாயங்காலம் கொரியர் கிளம்புகிறவரைக்கும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.