மேல்கிள்ளானில் நின்ற ஆறு

யாரும் கொடுக்காத வாக்கை யாராவது மீற முடியுமா? ஷாமினிக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்ததும் இல்லை. இருந்தும் அவள் ஏமாற்றப்பட்டாள், அதில் அவளுக்குக் கடைசிவரை சந்தேகம் வந்ததில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கிள்ளானில் அம்மாவோடு ஒரு கீழ்த்தள வீட்டில் இருந்தாள். காலையில் கொமுட்டர் ரயிலில் வந்து, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று கேட்பாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்து குவாரிக்குள் போய்விடுவாள்.

குவாரி ஒரு கணினி விளையாட்டு. அதை அவளுக்கு அறிமுகப்படுத்தியது பள்ளித் தோழி நித்யா. ஆரம்பத்தில் அதில் மண், கல், தண்ணீர் தவிர வேறொன்றும் கிடையாது. வெட்டி எடுக்கலாம், அடுக்கலாம். ஜெயிக்க வேண்டியதில்லை, ஆகவே தோற்கவும் வழியில்லை. "இதுல என்னாதான்டி பண்ணணும்?" என்று ஷாமினி கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ண வேணாம் லா, அதான் கேமே" என்றாள் நித்யா.

பிறகு அப்டேட்டுகள் வரத் தொடங்கின. முதலில் மரமும் கதவும் வந்தன. கதவு வந்த பிறகுதான் உள்ளே, வெளியே என்ற பேச்சுக்கே அர்த்தம் வந்தது. அடுத்து ஆடு மாடுகள் வந்தன. அதற்கடுத்த அப்டேட் பசியைக் கொண்டுவந்தது. அதுவரை வெறும் காற்றைக் குடித்துக் கட்டிக்கொண்டிருந்த பொம்மை மனிதர்கள் திடீரென்று ரொட்டி இல்லாமல் செத்து விழுந்தார்கள். "இவனுங்களுக்கும் சோறு போடணுமா?" என்று ஷாமினி தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்னொரு முறை வானத்தின் உயரத்தைக் கூட்டினார்கள். பழைய நிலமும் புதிய நிலமும் சேர்ந்த இடத்தில், கத்தியால் வெட்டிய அல்வாபோல, செங்குத்தாக ஒரு பிளவு நின்றது. ஒவ்வொரு தடவையும் விளையாடுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதை அந்தக் கம்பெனி நன்றாகப் படித்து வைத்திருந்தது.

இத்தனை மாற்றத்துக்கு நடுவில் மாறாமல் ஒரு பிழை இருந்தது. குவாரியில் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் பரவி ஓடிவிடும். ஆனால் படிக்கட்டுக் கட்டை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் ஓரத்தில் ஊற்றினால், தண்ணீர் ஓட மறந்துவிடும். அந்தரத்தில் கண்ணாடிச் சுவர்போல நிற்கும். ஷாமினி அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தாள்.

"இது பக் லா, ஷா. தப்பு" என்றாள் நித்யா.

"தப்பா இருந்தா என்னாடி? நிக்குதுல்ல."

அந்தத் தப்பின் மேல்தான் மேல்கிள்ளான் என்ற அவள் ஊர் எழுந்தது. கீழே தெருக்கள், கடைகள், ஒரு ரயில் நிலையம். கூரைகளுக்கு மேலே, ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஓர் ஆறு. கட்டடங்கள் சுமார்தான், சில கோணல்கூட. ஆனால் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆற்றின் அடிவயிறு தெரியும். வெயில் அதன் வழியாக இறங்கி நடைபாதையில் நெளியும். அதை அழகு என்று சொல்வதற்கு யோசிக்கத் தேவையில்லை. கட்டுவது ஷாமினியின் பாடு. விளக்கு வைப்பதும் பெயர்ப்பலகை மாட்டுவதும் நித்யாவின் பங்கு.

"வீட்டுத் தொட்டியில தண்ணி ரொப்ப ஆளில்ல, இவ கம்ப்யூட்டர்ல ஆறு கட்டறா" என்பாள் அம்மா.

பெருவெள்ளம் வந்த ஆண்டில் அந்தக் கீழ்த்தள வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. மெத்தை, அலமாரி, அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாம் போயின. அதற்குப் பிறகு ஷாமினி எதையும் தரையில் வைப்பதில்லை. முக்கியமானவை எல்லாம் அலமாரி உச்சிக்குப் போயின, மேல்கிள்ளானின் பிரதியை அவ்வப்போது புதுப்பித்து வைத்துக்கொண்ட பென் டிரைவும். சேறு கழுவி முடித்த கையோடு அவள் ஊருக்குள் போய் ஆற்றை இன்னும் அகலமாக்கினாள். எங்கே ஒரு தண்ணீர் தன் பேச்சைக் கேட்கிறதோ, அங்கே இருக்க அவள் விரும்பினாள் என்று நினைக்கலாம்.

அதற்கு முந்தின ஆண்டு, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த தீபாவளியன்று யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாமல் போனது. "அலாமாக், முறுக்கு சுட்டு யாருக்குடி குடுக்கறது?" என்று நித்யா புலம்பியபோது, பண்டிகையன்று யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வீட்டைத் திறந்துவைக்கும் ஓப்பன் ஹவுஸை ஷாமினி மேல்கிள்ளானிலேயே வைத்தாள். கடவுச்சொல்லை எடுத்துவிட்டாள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் முறுக்கைக் கடித்தபடி, பொம்மைகளாக அவள் தெருக்களில் சுற்றினார்கள். கட்டுப்பாடு போன பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை.

ஓப்பன் ஹவுஸுக்கு ஒரு தர்மம் உண்டு. வருகிறவரை நீ யார், யாரோடு வந்தாய் என்று கேட்கக்கூடாது. சாப்பிட்டாயா என்றுதான் கேட்க வேண்டும். விருந்தாளி கறியைப் புகழ்ந்து பக்குவம் கேட்டால் சொல்லித்தர வேண்டும். மறைத்தால் அது கஞ்சத்தனம். ஒரு தீபாவளிக்கு நித்யா அருண் என்ற பையனை அழைத்து வந்தாள். செராஸில் அவள் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியில்தான் அவனும் இருக்கிறான் என்றாள்.

"அக்கா, சூப்பர்க்கா. இந்தத் தண்ணி எப்படிக்கா நிக்குது?"

"மொதல்ல சாப்டீங்களா, தம்பி?"

"மூணு வீட்ல சாப்ட்டாச்சுக்கா. வயிறு பென்னோ, எடமே இல்ல. சொல்லுங்கக்கா."

ஷாமினி அவனைக் கூரைகளுக்கு மேலே, ஆற்றின் அடியில் தான் அமைத்திருந்த ஒற்றையடிப் பலகைப் பாதைக்கு ஏற்றிச் சென்றாள். ஒரு கட்டையை உருவிக் காட்டினாள். ஒரு கை அகலம் தண்ணீர் ஒழுகியது. திரும்பக் கவிழ்த்து வைத்தாள்; நின்றது. நித்யாவும் கூடவே வந்திருந்தாள். அத்தனை ஆண்டுகளில் அவள் அங்கே ஏறிவந்து பார்த்தது அதுவே முதல் தடவை. ஷாமினிக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பு ஒரு மதியம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், நித்யா போன் செய்தாள்.

"ஷா! வேலை கெடச்சிருச்சுடி. குவாரி ஆபீஸ்ல! கேமை டெஸ்ட் பண்ற டீம்ல. அருண் அங்கதான் இருக்கான், அவன்தான் ரெக்கமண்ட் பண்ணான்."

"அவன் அங்கயா வேலை செய்றான்? சொல்லவே இல்ல?"

"நீதான் கேக்கலயே. இன்டர்வியூல, யாரும் ரிப்போர்ட் பண்ணாத பக் ஒண்ணு காட்டுன்னாங்க."

"என்ன காட்டின?"

"உன் தண்ணிதான்டி. அசந்துட்டாங்க லா. கோவிச்சுக்காத, அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவாங்களாம்."

சரி பண்ணிவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது ஷாமினியின் கையில் பாதி உரித்த ஆரஞ்சு இருந்தது. அதை அப்படியே குப்பையில் போட்டாள்.

ஊர் இருந்தது கம்பெனியின் சர்வரில். அப்டேட்டைத் தள்ளிப்போட வழி கிடையாது. பென் டிரைவிலிருந்த பிரதியைத் திறந்தாலும், திறக்கப்போவது புதிய குவாரிதான். அதே கதிதான் அதற்கும். அப்டேட் வந்த அன்று அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, ஊருக்குள் போனாள். ஆறு ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஓரம் சரிந்து, பிறகு மறு ஓரமும் சரிந்து, தெருத்தெருவாக நிரம்பியது. நித்யா மாட்டிய பெயர்ப்பலகைகளும் அவள் வைத்த விளக்குகளும் தண்ணீருக்கடியில் எரிந்தன. நிஜ வெள்ளம் சேறும் செத்த எலியுமாக வந்தது. இது தெளிவாக இருந்தது. உள்ளே ஒவ்வொரு கதவும் தெரிந்தது.

"என்னாச்சு ஷாமி? ஏன் சும்மா உக்காந்திருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

நித்யா ஒரு நாள் கடைக்கே வந்தாள். கண்ணைப் பரிசோதிக்க வேண்டுமாம். ஷாமினி அவளை நாற்காலியில் உட்காரவைத்து வில்லைச் சட்டத்தை மாட்டினாள்.

"இதுல தெளிவா இருக்கா, அதுலயா?"

"ஷா, நான் சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லியிருப்பான் லா."

"வேற எவனாவது சொல்லியிருக்கலாமே."

"எங்கயும் சொல்ல மாட்டேன்னு நான் சத்தியமா பண்ணேன்?"

"இல்ல."

"அப்புறம் ஏன்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"பண்ணியிருந்தா, சத்தியத்த மீறிட்டேன்னாவது உன்னத் திட்டலாம். திட்றதுக்குக்கூட நீ ஒண்ணும் விட்டு வைக்கல." ஷாமினி அடுத்த வில்லையைப் போட்டாள். "இது எப்படி?"

"மங்கலா இருக்கு."

"உன் கண்ணு கலங்கியிருக்கு, அதான். தொடச்சிட்டு வா."

உண்மையில் நித்யா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஷாமினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். நித்யாவின் கண்ணில் அது பொதுவில் கிடந்த ஒரு பிழை. ஷாமினிக்கோ, தன் வீட்டில் வைத்துச் சொல்லித்தந்த பக்குவம். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள கஷ்டம்.

அந்தத் தண்ணீரை நம்பிக் கட்டியவர்கள் வேறு ஊர்களிலும் இருந்திருக்கிறார்கள், அவர்களும் குமுறினார்கள். பல மாதம் கழித்து வந்த ஓர் அப்டேட்டில் புதிதாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் தண்ணீர் பழையபடி நடந்துகொள்ளும். "நான்தான் ஆபீஸ்ல சண்டை போட்டு வாங்கினேன்" என்று நித்யா செய்தி அனுப்பினாள். உண்மையாகவும் இருக்கலாம்.

ஞாயிறு காலையில் அவள் அலமாரி உச்சியிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். பொத்தானை அழுத்தி, ஊரைத் திறந்தாள். ஆறு கூரைகளுக்கு மேலே நின்றது. ரயில் நிலையத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தெருவாக நடந்தாள். ஒன்றும் குறையவில்லை. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். அம்மா பின்னால் வந்து நின்று, "அட, உன் ஆறு வந்திருச்சே" என்றாள். ஷாமினி சிரித்தாள்.

பிறகு சர்வரில் மூழ்கிக் கிடந்த ஊரை அழித்தாள். பென் டிரைவை ஒரு சிறிய உறையில் போட்டு, ரயிலேறி, செராஸில் நித்யாவின் கொண்டோ வாசலுக்குப் போனாள். காவலாளியிடம் வீட்டு எண்ணைச் சொல்லி உறையைக் கொடுத்தாள். உறைக்குள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வேறு பிரதி எதையும் அவள் வைத்துக்கொள்ளவும் இல்லை.

"இத ஏன்டி எங்கிட்ட குடுத்த?" என்று நித்யா பல முறை கேட்டாள், ஒருமுறை அழுதுகொண்டே. அம்மாவும் கேட்டாள். பக்குவம் போன வீட்டுக்கே பாத்திரமும் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஷாமினி யாருக்கும் சொல்லவில்லை.