குளித்துவிட்டுப் புறப்பட்ட குப்பை

ஆயுத பூஜை அன்று எங்கள் கிடங்கில் குப்பையைக் குளிப்பாட்டிவிட்டார்கள். நான் அரியாங்குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்ததால் அது எனக்குத் தெரியாது.

பாண்டிச்சேரி தூக்கிப் போடுவதில் காயலான் கடைக்காரரும் சீந்தாத கேரி பேக், சிப்ஸ் உறை, அறுந்த செருப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். அக்காமார் பிரித்து, மெஷினில் துண்டாக்கி, இறுக்கிப் பண்டல் கட்டுவார்கள். அரியலூர் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலை தனக்கென்றே மின் நிலையம் வைத்திருக்கிறது. நிலக்கரியோடு இதையும் போட்டு எரிக்கலாமென்று சோதனைக்கு ஒரு லாரி கேட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, காய்ந்திருக்க வேண்டும். இந்த லோடைத் திருப்பி அனுப்பினால் பிரிக்கிற வேலையே நின்றுவிடும். அக்காமார் பழையபடி தெருக் கூட்டப் போக வேண்டியதுதான்.

விஜயதசமி காலை. லாரியில் டிரைவர் அண்ணன், கணக்கு எழுதும் நான், நடுவில் கிடங்கின் மூத்த அக்கா. "எரியிற எடத்த நான் பாத்தே ஆவணும்" என்று புதுப் புடவையில் ஏறிக்கொண்டார்.

எல்லைச் சோதனைச்சாவடியில் போலீஸ்காரருக்கு வழக்கமான சந்தேகம்: பாண்டிச்சேரி லாரி என்றால் அடியில் பாட்டில் இருக்கும். கம்பியால் ஒரு பண்டலைக் குத்தினார். தண்ணீர் கசிந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா, மஞ்ச வாசன வருது?"

"பூஜைக்குக் கழுவனோம் சார்" என்றார் அக்கா பெருமையாக. "மெஷினக் கழுவனோம், வண்டியக் கழுவனோம். மொத மொத வெளியூரு போவுது, அத மட்டும் அழுக்கா அனுப்பலாமா?"

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா! ஈரமா இருந்தா வாங்க மாட்டாங்கக்கா!"

"மேலாப்புலதான் பாப்பா ஊத்துனோம்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்கத் தார்ப்பாய் வேறு போட்டு மூடியிருந்தார்கள். ஆவி போக வழியே இல்லை.

போலீஸ்காரர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் போனில் மழை வருமா என்று தேட, டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரத்தில் சாலையோரம் காலியாக ஒரு நெல் களம். அக்கா அவர் தோளைத் தட்டினார். "அண்ணே, ஓரங்கட்டு."

நனைந்திருந்தது மேல் அடுக்குதான். இறக்கி, கயிற்றை அவிழ்த்து, களத்தில் பரப்பினோம். புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெல்லைக் கிளறுவதுபோல் காலால் கிளறிக்கொண்டே நடந்தார் அக்கா. களத்துக்காரர் சைக்கிளோடு வந்து நின்றார்.

"ஏம்மா, குப்பையவா காய வெக்கிறீங்க?"

"குப்பை இல்லண்ணே, வெறவு. கரண்டு எடுக்கப் போவுது."

"அப்ப என் வூட்லயும் ஒரு மூட்ட கெடக்குது, எடுத்துக்குறியா?"

"ஈரமில்லாம குடு, பாக்கலாம்" என்றார் அக்கா. சிரித்தபடியே போனவர் இரண்டு வாருகோலோடு திரும்பி வந்தார். வெயில் நன்றாகவே அடித்தது. அந்த வெயிலை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மறுபடி கட்டி ஏற்றி ஆலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. புகைபோக்கியையும் நிலக்கரி மலையையும் அக்கா வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். எரிகிற இடத்துக்குள் விடவில்லை. சாம்பிள் எடுக்க வந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். ஈரம் காட்டும் கருவியைப் பண்டல் பண்டலாகச் செருகினான். ஒவ்வொரு தடவையும் அக்கா என் கையை நசுக்கினார். ஒரே ஒரு பண்டலில் மட்டும் மறுப்பாகத் தலையாட்டினான்.

"இது வேணாங்க்கா, திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"அப்ப மத்ததெல்லாம்?"

"எடுத்துக்குறோம். அடுத்த வாரத்துலருந்து லோடு அனுப்பச் சொல்லுங்க."

அக்கா கையை விட்டபோதுதான் வலி தெரிந்தது. எடை மேடை அறையில் விளக்கு போட்டார்கள். "இந்த கரண்டு இங்கயே எடுக்குறதா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த தபா இதுல எங்க பிஞ்ச செருப்பும் எரியும்" என்றார்.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் அதே போலீஸ்காரர். பின்னால் தனியாக ஆடிக்கொண்டிருந்த பண்டல்மேல் டார்ச் அடித்தார்.

"இன்னாம்மா, ஒண்ணு திரும்பி வருது?"

"அதுக்கு இன்னும் தல காயல சார்" என்றார் அக்கா.